படகு முதலில், ஹெலிகாப்டர் பிறகு

எலவனாசூர்கோட்டையில் கடல் இல்லை. துறைமுகமும் இல்லை. உளுந்தூர்பேட்டை–சேலம் சாலையில் லாரி போகிறது, இருபுறமும் கரும்பும் மரவள்ளியும் நிற்கின்றன, மழை சரியாகப் பெய்த வருஷம் ஏரி நிறைகிறது. அந்த ஏரியில் ரிமோட் கப்பல் விட்டு, அதன் முதுகில் ரிமோட் ஹெலிகாப்டரை இறக்க வேண்டும் என்று நான்கைந்து பிள்ளைகள் என் கடைப்படியில் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். நான் போர்வெல் மோட்டாருக்குக் காயில் கட்டிப் பிழைத்தவன். மோட்டாரும் தண்ணீரும் ஒன்றுக்கொன்று என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியும். மாடல் படகும் ஹெலிகாப்டரும் பிற்பாடு வந்த பைத்தியம். கேட்டதால் சொல்கிறேன், வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள்.

1. முதலில் படகு. ஹெலிகாப்டரை இப்போது வாங்காதீர்கள்.

எல்லோரும் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள். ஹெலிகாப்டரை வாங்கிவிட்டு, அதற்கு ஒரு கப்பல் தேடுகிறார்கள். உலகத்தில் ரேடியோவில் ஓடிய முதல் சாமான்களில் ஒன்று படகுதான். 1898இல் நிக்கோலா டெஸ்லா நியூயார்க்கில் மாடிசன் ஸ்கொயர் கார்டன் தொட்டியில் ஓட்டிக் காட்டினார். ரேடியோவில் ஒழுங்காகப் பறக்கும் மாடல் ஹெலிகாப்டர் வர அதற்கப்புறம் 70 வருஷம் ஆயிற்று. ஜெர்மனியில் டீட்டர் ஷ்லூட்டர் என்பவர் 1960களின் கடைசியில் அதைச் சாதித்தார். படகு எவ்வளவு எளிது, ஹெலிகாப்டர் எவ்வளவு கடினம் என்பதற்கு அந்த 70 வருஷமே கணக்கு. படகு தப்பாகப் போனால் நிற்கும். ஹெலிகாப்டர் தப்பாகப் போனால் விழும்.

இன்னொரு காரணமும் உண்டு. தளம் ஒழுங்காக இருந்தால் சுமாரான ஓட்டியும் இறக்கிவிடுவான். தளம் ஆடினால் கெட்டிக்காரனும் இறக்க மாட்டான். ஆகவே பணமும் நேரமும் படகின் மேல் போகட்டும்.

2. உண்மையான கப்பலில் இது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இதற்கு அமெரிக்கா வரை போக வேண்டாம். அரக்கோணத்தில் ஐ.என்.எஸ். ராஜாளி இருக்கிறது, 1992 மார்ச்சில் தொடங்கிய கடற்படை விமானத் தளம். இந்தியக் கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி அங்கேதான். அரக்கோணத்திலும் கடல் இல்லை என்பதைக் கவனியுங்கள். தரையில் படித்துவிட்டுத்தான் அவர்களும் கப்பலுக்குப் போகிறார்கள்.

கப்பலும் நம் பக்கத்துக் கப்பல்தான். சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் எல் அண்டு டி தளத்தில் கடலோரக் காவல் படைக்கு ஏழு ரோந்துக் கப்பல்கள் கட்டினார்கள். முதல் கப்பல் விக்ரம் 2018 ஏப்ரலில் படையில் சேர்ந்தது, ஏழாவது கப்பல் விக்ரஹா 2021 ஆகஸ்டில். நீளம் 98 மீட்டர், அகலம் சுமார் 15 மீட்டர். பின்பக்கத் தளத்தில் ஒரு ஹெலிகாப்டர் இறங்கி நிற்கலாம்.

கப்பலில் ஹெலிகாப்டர் இறங்கிய ஆரம்பகாலச் சம்பவங்களில் ஒன்று 1943 மே 6ஆம் தேதி நடந்தது. பங்கர் ஹில் என்ற எண்ணெய்க் கப்பலின் தளத்தில் ஃபிராங்க் கிரிகரி என்ற அமெரிக்க ராணுவ விமானப்படை அதிகாரி ஒரு சிக்கார்ஸ்கி ஹெலிகாப்டரை இறக்கினார். அப்புறம் 1960களில் கனடாக்காரர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஹெலிகாப்டரிலிருந்து கம்பி இறக்கி, தளத்தில் உள்ள ஒரு பொறியோடு கோத்து, கப்பலில் இருந்தே இழுத்துப் பிடிப்பது. கரடிப்பொறி என்றே பெயர் வைத்தார்கள். நம் கடற்படைக் கப்பல்களிலும் அது வந்தது. இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், இறங்குவது பாதி வேலை, இறங்கியதை அங்கேயே நிறுத்தி வைப்பது மீதிப் பாதி.

3. அளவைச் சுருக்கினால் எல்லாம் ஒரே மாதிரி சுருங்காது.

இதை மட்டும் பொறுமையாகக் கேளுங்கள். அந்த ரோந்துக் கப்பலை 50இல் ஒரு பங்காகச் செய்தால் நீளம் 2 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, அகலம் 30 செ.மீ. எடை மட்டும் 50இல் ஒரு பங்கு ஆகாது. நீளம், அகலம், உயரம் மூன்றும் சுருங்குவதால் 50ஐ மூன்று முறை பெருக்கி வகுக்க வேண்டும்: 1,25,000இல் ஒரு பங்கு. சுமார் 2,100 டன் கப்பல் 17 கிலோ ஆகிவிடும். அந்தத் தளத்தில் இறங்கக்கூடிய துருவ் ஹெலிகாப்டரின் ரோட்டார் விட்டம் 13.2 மீட்டர், முழு எடை சுமார் ஐந்தரை டன். மாடலில் ரோட்டார் 26 செ.மீ., எடை 44 கிராம். சந்தோஷமான செய்தி என்னவென்றால், கடையில் கிடைக்கும் சின்ன ஃபிக்ஸட் பிட்ச் ஹெலிகாப்டர்கள் ஏறக்குறைய இதே அளவு, இதே எடை. அதனால் 50இல் ஒரு பங்கு என்பது நல்ல அளவு.

100இல் ஒரு பங்கு செய்யலாம் என்று ஒரு பையன் கேட்டான். கப்பல் ஒரு மீட்டர், எடை 2 கிலோ. தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வரலாம். ஆனால் ஹெலிகாப்டர் ஐந்தரை கிராமுக்குள் இருக்க வேண்டும். அது உள்ளங்கைப் பொம்மை. ஏரிக்கரையில் ஒரு ஆள் பெருமூச்சு விட்டால் பறந்துவிடும்.

அடுத்தது அலை. கடலில் 2 மீட்டர் அலை என்றால் மாலுமி கொஞ்சம் யோசிப்பார். 50இல் ஒரு பங்கில் அது 4 செ.மீ. நம் ஏரியில் சாதாரணக் காற்றுக்கே 4 செ.மீ. சிற்றலை எழும்பும். நீங்கள் பார்ப்பது சிற்றலை, உங்கள் கப்பல் பார்ப்பது கொந்தளிப்பு. நேரமும் மாறுகிறது. அலையில் ஆடும் பொருளின் ஆட்ட நேரம் அளவின் வர்க்கமூலத்தில் சுருங்கும். 50க்கு வர்க்கமூலம் ஏழு. பெரிய கப்பல் ஒரு பக்கம் சாய்ந்து திரும்ப 10 விநாடி எடுத்தால் உங்கள் மாடல் ஒன்றரை விநாடிக்குள் ஆடி முடித்துவிடும். கடற்படை ஓட்டிக்குத் தளம் அமைதியாகும் இடைவெளி பார்த்து இறங்க அவகாசம் உண்டு. உங்களுக்கு அது இல்லை. காற்றும் அப்படித்தான்: மணிக்கு 10 கி.மீ. காற்று உங்கள் கப்பலுக்கு 70 கி.மீ. காற்று. மாடல் சின்னதாக இருப்பதால் வேலை லேசு என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள்.

4. ஆகவே முதல் படகு கப்பல் மாதிரி இருக்கக் கூடாது.

அழகான போர்க்கப்பல் மாடலைப் பிறகு செய்யலாம். முதலில் ஒரு தளம் மிதக்க வேண்டும், அவ்வளவுதான். நம் ஊரில் வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் நாலு இஞ்சு பி.வி.சி. பைப்பு எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். ஒரு மீட்டர் நீளத்தில் இரண்டு துண்டு. நான்கு முனைகளிலும் எண்டு கேப் போட்டு சொல்யூஷன் வைத்து அடையுங்கள். இரண்டையும் 50 செ.மீ. இடைவெளியில் நிறுத்தி, மேலே 6 மி.மீ. பிளைவுட்டைக் கட்டுங்கள். ஒரு மீட்டர் பைப்பின் கொள்ளளவு சுமார் ஒன்பதரை லிட்டர். இரண்டும் பாதி மூழ்கினால் மொத்தம் ஒன்பதரை கிலோ தாங்கும். பைப்பு, பலகை, மோட்டார், பேட்டரி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். தராசில் வைத்துப் பாருங்கள், கண்ணளவு வேண்டாம்.

இரட்டை உடல் ஏன் என்றால் அகலத்துக்காக. ஒரே எடையுள்ள படகில் அகலத்தை இரண்டு மடங்காக்கினால், தண்ணீர்க்கோட்டில் அது சாய்வைத் தடுக்கும் வலு எட்டு மடங்காகும். கப்பல் கட்டுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. குறுகலான போர்க்கப்பல் மாடலில் ஹெலிகாப்டர் இரண்டு விரல் தள்ளி இறங்கினால்கூடத் தளம் சாயும். இந்தப் பைப்புப் படகில் ஓரத்தில் இறங்கினாலும் பெரிதாக அசையாது.

சோதனை ஒன்று உண்டு. ஹெலிகாப்டரின் எடையைப் போல ஐந்து மடங்கு மணலைப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தளத்தின் ஓரத்தில் வையுங்கள். பலகையில் தண்ணீர் ஏறக் கூடாது, சாய்வும் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கக் கூடாது. தெரிந்தால் பைப்புகளின் இடைவெளியைக் கூட்டுங்கள், அல்லது பேட்டரியை இன்னும் கீழே இறக்குங்கள்.

5. தளத்தின் மேல்பரப்பு.

பெயிண்ட் அடித்த பலகை வழுக்கும். தண்ணீர் பட்டால் கேட்கவே வேண்டாம். கரடான உப்புத்தாளை ஒட்டுங்கள். சிலர் வலை கட்டுகிறார்கள், கடலில் எண்ணெய்க் கிணற்று மேடைகளில் கயிற்று வலை போடுவதைப் பார்த்துவிட்டு. அங்கே இறங்குவது சக்கரம் உள்ள பெரிய ஹெலிகாப்டர். உங்களுடையது கம்பிக்கால். வலையில் ஒரு கால் மாட்டியபடி நீங்கள் த்ரோட்டிலைக் கூட்டினால் மறுகால் மட்டும் எழும்பும், மாட்டிய காலைச் சுற்றி ஹெலிகாப்டர் அப்படியே கவிழும். பெரிய ஹெலிகாப்டர்களும் இப்படித்தான் சாய்ந்து புரண்டிருக்கின்றன. வெல்க்ரோ ஒட்டுவதும் இதே ஆபத்து. பிடித்து வைக்க வேண்டும் என்ற ஆசை நியாயமானது, ஆனால் கடற்படையின் பொறி வேண்டிய கணத்தில் விடுகிற பொறி. வெல்க்ரோ விடாது.

தளத்தைச் சுற்றி ஒரு விரல்கடை உயரத்துக்கு மென்மையான ஃபோம் விளிம்பு போதும். வழுக்கினால் தடுக்கும். அளவு, ரோட்டார் விட்டத்தைப்போல இரண்டு மடங்காவது இருக்கட்டும். அசல் கப்பலில் 15 மீட்டர் அகலத்தில் 13 மீட்டர் ரோட்டார் இறங்குகிறது என்று நீங்கள் என்னோடு வாதாடலாம். அவர்களுக்கு அது உத்தியோகம்.

6. மோட்டார் பக்கம் நான் சொல்வதைக் கேளுங்கள், இது என் தொழில்.

ஒவ்வொரு பைப்பின் அடியிலும் ஒரு மோட்டார், ஒரு புரொப்பெல்லர். இரண்டையும் தனித்தனி ஈ.எஸ்.சி.யில், அதாவது மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சாதனத்தில், ஓட்டினால் ரடரே வேண்டாம். இடதைக் குறைத்தால் இடப்பக்கம் திரும்பும். ஷாஃப்ட் போகும் குழாயில் கிரீஸ் நிரப்புங்கள். தண்ணீர் உள்ளே ஏறுவது எப்போதும் அந்த வழியாகத்தான். நம் ஏரியில் வேலம்பாசியும் ஆகாயத்தாமரையும் உண்டு. புரொப்பெல்லரைச் சுற்றிக் கம்பிவலைக் கூண்டு இல்லாவிட்டால் பாசி சுற்றிக்கொண்டு மோட்டார் நிற்கும். நின்ற மோட்டாருக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருந்தால் காயில் கருகும். போர் மோட்டாருக்கும் அதே விதி, பொம்மை மோட்டாருக்கும் அதே விதி.

7. ஹெலிகாப்டர் வாங்கும்போது.

கடையில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் இன்ஃப்ராரெட் ரிமோட். டி.வி. ரிமோட்டின் அதே ஒளி. வெயிலில் அது வேலை செய்யாது; வீட்டுக் கூடத்தில் மட்டும் பறக்கும். பெட்டியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று போட்டிருக்க வேண்டும். இரண்டு ரோட்டார் ஒன்றின் மேல் ஒன்றாகச் சுழலும் கோஆக்சியல் வகை தானாக நிற்கும், ஆனால் காற்றை எதிர்த்துப் போகாது. நாலு சேனல் ஃபிக்ஸட் பிட்ச் நடுத்தரம். தொடங்க அதுவே சரி. ரோட்டார் இறக்கைகளின் கோணத்தை ஒருசேர மாற்றும் கலெக்டிவ் பிட்ச் வகையைத் தொடவே வேண்டாம், ஒரு வருஷம் போகட்டும்.

பெரிய மாடல் ஹெலிகாப்டர் விளையாட்டுச் சாமான் இல்லை. 2013 செப்டம்பரில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதிப் பூங்காவில் 19 வயதுப் பையன் ஒருவன், நல்ல பழக்கம் உள்ளவன், தன்னுடைய பெரிய மாடல் ஹெலிகாப்டர் தலையில் அடித்து இறந்தான். 50 கிராம் ஹெலிகாப்டர் கண்ணைத்தான் கெடுக்கும், அதற்கும் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

நாலு ரோட்டார் டிரோன் எளிதல்லவா என்று கேட்பீர்கள். எளிதுதான். ஆனால் தெரிந்துகொள்ளுங்கள்: சிக்னல் போனால் வீடு திரும்பும் வசதி அதில் இருக்கும். அது திரும்புவது கிளம்பிய இடத்துக்கு. படகிலிருந்து கிளப்பினீர்கள், படகு நகர்ந்துவிட்டது. டிரோன் சரியான இடத்துக்கு வந்து நிதானமாகத் தண்ணீரில் இறங்கும். வயிற்றில் உள்ள கேமரா சென்சாரும் அசையும் தண்ணீரைப் பார்த்துக் குழம்பும். டிரோனில் தொடங்கினாலும் இந்த இரண்டையும் அணைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

அஜித் படம் போட்ட பனியனோடு வந்திருக்கும் தம்பிக்கு ஒரு வார்த்தை. அவர் மாடல் விமானமும் ஹெலிகாப்டரும் பறக்கவிடுபவர் என்பது உண்மை. சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாணவர்களின் தக்‌ஷா குழுவுக்கு ஆலோசகராகவும் இருந்தார். 2018இல் ஆஸ்திரேலியாவில் மருத்துவ டிரோன் போட்டியில் அந்தக் குழு இரண்டாம் இடம் பிடித்தது. அந்தப் பிள்ளைகள் பட்டறையில் கழித்த ராத்திரிகளையும் பனியனில் போட்டுக்கொள்ளுங்கள்.

8. இரண்டு பேர் வேண்டும்.

ஒருவனே இரண்டு ரிமோட்டையும் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஓட்டுவது வேடிக்கை காட்ட நன்றாக இருக்கும். இறக்கும் அந்த அரை நிமிஷத்தில் உங்களுக்கு இரண்டு கட்டைவிரல்தான். ஹெலிகாப்டர் ஓட்டுபவர் ஒருவர், படகு ஓட்டுபவர் ஒருவர். இருவரில் படகுக்காரர் சொல்வதே சட்டம். தளம் சரியில்லை, விலகிப் போ என்று அவர் சொன்னால் வாதம் கிடையாது. கப்பலிலும் தளத்தில் நிற்கும் அதிகாரி கையசைத்துத் திருப்பி அனுப்பினால் ஓட்டி திரும்பிப் போகத்தான் வேண்டும்.

இருவரும் நாலடி தள்ளி நில்லுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒவ்வொரு ரிமோட்டும் தன் ரிசீவரோடு பைண்ட் ஆகியிருப்பதால் ஒன்றோடொன்று குழம்பாது. ஆன்டெனாவின் நுனியை மாடலை நோக்கி நீட்டாதீர்கள், நுனி திசையில்தான் சிக்னல் மிகக் குறைவு. படகின் ரிசீவர் ஆன்டெனா தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நிற்கட்டும். இந்த அலையைத் தண்ணீர் விழுங்கிவிடும். ஃபெயில்சேஃப் வைக்காமல் படகைத் தண்ணீரில் விடாதீர்கள்: சிக்னல் போனால் படகு நிற்க வேண்டும்.

9. பயிற்சியின் வரிசை.

சிமுலேட்டர் கிடைத்தால் முதலில் அது. அப்புறம் நெல் காயப்போடும் களத்தில், அதிகாலையில், வால் உங்களைப் பார்க்க, ஆள் உயரத்தில் ஒரே இடத்தில் நிறுத்தப் பழகுங்கள். அது கைவந்த பிறகு பிளைவுட் பலகையைத் தரையில் போட்டு அதன் மேல் இறக்குங்கள். பலகைக்கு அடியில் நாலு செங்கல் வைத்து உயர்த்திவிட்டு மறுபடி இறக்குங்கள். வித்தியாசம் உடனே தெரியும். தரைக்கு அருகே, ஒரு ரோட்டார் விட்ட உயரத்துக்குள், கீழே தள்ளப்பட்ட காற்று தரையில் முட்டி ஹெலிகாப்டரைத் தாங்கும். பலகையின் விளிம்பைக் கடக்கும்போது பாதி ரோட்டாருக்குத் தாங்கல் உண்டு, மறுபாதிக்கு இல்லை. ஒரு பக்கம் சட்டென்று சரியும். கப்பல் தளத்தில் நடப்பதும் இதுதான். களத்தில் இதைத் தெரிந்துகொண்டால் ஏரியில் பதறமாட்டீர்கள்.

அடுத்து அதே பலகையைத் தள்ளுவண்டியில் வைத்து ஒருவர் கயிறு கட்டி மெதுவாக இழுக்க வேண்டும். நகரும் தளத்தில் இறங்குவது முதலில் கைக்கு வராது. கண் தளத்தைப் பார்க்கும், கை பின்தங்கும். பிறகு லாரி டியூபின் மேல் பலகை கட்டி, முழங்கால் ஆழத் தண்ணீரில் விட்டு, கரையில் நின்றபடியே கயிற்றில் பிடித்து. கடைசியில்தான் படகு. இந்தப் படிகளில் ஒன்றைத் தாண்டிக் குதித்தவர்கள் பாதி வழியில் விட்டுவிட்டார்கள். நின்றவர்கள் எல்லோரும் ஒவ்வொரு படியிலும் சலித்துப்போகும் வரை நின்றவர்கள்.

10. இறக்கும் முறை.

படகை நிறுத்தி வைத்துக்கொண்டு ஹெலிகாப்டரைக் கூப்பிடாதீர்கள். நின்ற படகைக் காற்று பக்கவாட்டில் திருப்பிவிடும், அப்போதுதான் அது அதிகம் ஆடும். காற்றுக்கு எதிராக மூக்கை வைத்து நடை வேகத்தில் ஓட்டிக்கொண்டே இருங்கள். ஓடும் படகு நிலையாக இருக்கும். கடற்படையிலும் கப்பல்தான் ஹெலிகாப்டருக்காகத் திசை மாற்றி, காற்றை முன்னால் வைத்துக்கொள்கிறது. ஹெலிகாப்டரும் அதே திசையில் மூக்கு வைத்து, பின்பக்கத்திலிருந்து வந்து, தளத்துக்குப் பக்கத்தில் படகின் வேகத்துக்குச் சமமாக நிற்க வேண்டும். அது நின்ற பிறகுதான் பக்கவாட்டில் நகர்ந்து தளத்தின் மேல் வருவது. மேலே வந்ததும் தயங்காதீர்கள். த்ரோட்டிலைக் குறைத்து இறக்கி, கால் பட்டவுடன் முழுவதும் அணையுங்கள். தளத்தின் மேல் அரை சாண் உயரத்தில் தொங்கிக்கொண்டு யோசிப்பதுதான் எல்லா விபத்துக்கும் தாய்.

படகில் அழகுக்காகக் கூண்டு, கொடிக்கம்பம் வைத்தால் தளத்துக்கு முன்னால் வைக்காதீர்கள். அதன் பின்னால் காற்று சுழலும்.

ஐந்து நிமிஷம் பறக்கும் பேட்டரி என்றால் டைமரை மூன்றில் வையுங்கள். மீதி, திரும்பிப் போய் இன்னொரு முறை வருவதற்கு.

11. எந்த நேரம், எந்தக் கரை.

நம் பக்கத்தில் நிலம் மேற்கே கல்வராயன் மலையிலிருந்து கிழக்கே சரிகிறது. அதனால் பெரும்பாலான ஏரிகளுக்குக் கரை கிழக்கே இருக்கும். கரை மேல் நின்றால் தளத்தைச் சற்று மேலிருந்து பார்க்கலாம். தண்ணீர் மட்டத்தில் நின்றால் தளம் ஒரு கோடாகத்தான் தெரியும், ஹெலிகாப்டர் அதற்கு முன்னால் நிற்கிறதா பின்னால் நிற்கிறதா என்று புரியாது. கிழக்குக் கரையில் நின்றால் காலையில் சூரியன் முதுகில் இருக்கும். சாயங்காலம் கண்ணில் அடிக்கும், தண்ணீரும் பளபளக்கும். ஆகவே காலைதான். விடிந்து ஒரு மணி நேரம் காற்றும் அநேகமாகத் தூங்கும். தை மாசியில் வாடை லேசாக அடித்தால் கரையின் தென்கோடிக்குப் போய் வடக்கே பார்த்து நில்லுங்கள். காற்று எதிரே வரும், படகும் ஹெலிகாப்டரும் வாலை உங்களுக்குக் காட்டிப் போகும். ஆடியில் வேண்டவே வேண்டாம். தண்ணீரும் இருக்காது.

12. அனுமதி.

ஏரி யாருடையது என்று கேளுங்கள். 40 ஹெக்டேருக்கு மேல் பாசனம் உள்ள ஏரி நீர்வளத் துறையிடம், சின்ன ஏரி ஊராட்சி ஒன்றியத்திடம். மீன் குத்தகை எடுத்தவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அவர் வலையில் உங்கள் புரொப்பெல்லர் மாட்டினால் இருவருக்கும் நஷ்டம். கச்சிராயபாளையம் பக்கம் கோமுகி அணையிலும், மணிமுக்தா அணையிலும் தண்ணீர் பரப்பைப் பார்த்து ஆசை வரும். அணை என்பது அரசாங்கத்தின் பாதுகாப்பில் உள்ள இடம், அனுமதி எழுத்தில் இல்லாமல் அங்கே எதையும் பறக்கவிடாதீர்கள்.

வானத்துக்கும் சட்டம் உண்டு. 2021 ஆகஸ்டில் வந்த டிரோன் விதிகளில் ரோட்டார் உள்ளதெல்லாம் அடங்கும். 250 கிராம் வரை நானோ வகை. பொழுதுபோக்கு மாடல் கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் பறக்க வேண்டும். அரசின் வரைபடத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மண்டலம் பிரித்திருக்கிறார்கள். பச்சையில் 400 அடி வரை அனுமதி. சிவப்பில் மத்திய அரசைக் கேட்காமல் முடியாது. பறக்கவிடும் முன் உங்கள் ஏரி எந்த நிறம் என்று பாருங்கள். உளுந்தூர்பேட்டையில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஓடுதளம் ஒன்று கிடக்கிறது. பழசுதானே என்று அங்கே போய்ப் பறக்கவிடாதீர்கள்.

13. தண்ணீரில் விழுந்தால்.

விழும். ஹெலிகாப்டரின் கால்களில் நீச்சல் குளக் குழந்தைகள் பிடித்துக்கொள்ளும் ஃபோம் குழாயை மெல்லியதாக வெட்டிக் கட்டலாம். எடை கூடும், ஆனால் மிதக்கும். எடுத்தவுடன் பேட்டரியைக் கழற்றுங்கள். அரிசிக்குள் புதைப்பது வெட்டி வேலை. சுத்தத் தண்ணீரில் சேறு போக அலசி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஊற்றி, நிழலில் மின்விசிறியின் முன் ஒரு நாள் வையுங்கள். நனைந்த லிப்போ பேட்டரியை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். உப்பினாலோ நசுங்கினாலோ மண் போட்ட வாளியில் வெளியே வையுங்கள். நல்ல பேட்டரியை ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைத்துப் பத்திரப்படுத்துங்கள், சித்திரை வெயிலில் பைக் பெட்டிக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

14. இதைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். ஹெலிகாப்டருக்காக யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது.

நம் ஏரிகள் பார்க்கத்தான் சமதளம். வண்டலும் சவுடும் எடுத்த குழிகள் உள்ளே இருக்கின்றன. இடுப்பளவு தண்ணீரில் நடந்துபோகும் காலடி அடுத்த அடியில் ஆளை விழுங்கும். கரையோரச் சேற்றில் கால் புதைந்தால் நீச்சல் தெரிந்தவனாலும் முடியாது. ஒவ்வொரு வருஷமும் தமிழ்நாட்டில் ஏரியிலும் குட்டையிலும் பிள்ளைகள் போகிறார்கள், செய்தித்தாளில் படிக்கிறீர்கள். படகு நின்றுபோனால் இழுத்துவர இரண்டாவது ரிமோட் படகு ஒன்று, இல்லையென்றால் தூண்டில் நரம்பில் கட்டிய டென்னிஸ் பந்து. பந்தை அப்பால் எறிந்து நரம்பைப் படகின் மேல் விழவைத்து இழுத்தால் மெதுவாக வரும். அதுவும் இல்லையென்றால் காற்று கரை சேர்க்கும் வரை உட்காருங்கள். அதுவும் ஆகாவிட்டால் போகட்டும். ஹெலிகாப்டர் கடையில் கிடைக்கும்.

15. செலவு.

பைப்பு, பலகை, எண்டு கேப் எல்லாம் நம் கடைத்தெருவிலேயே முடியும். மோட்டார், ஈ.எஸ்.சி., ரிசீவருக்குச் சென்னை ரிச்சி தெரு, அல்லது தபாலில். ரிமோட்டை மட்டும் நல்லதாக வாங்குங்கள். படகு மாறும், ஹெலிகாப்டர் மாறும், ரிமோட் கூடவே வரும்.

இன்னும் ஒன்று. பெண்பிள்ளைகள் இருவர் படியில் உட்கார்ந்து அதிகம் பேசாமல் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தீர்கள். மணல் பை சோதனையில் ஐந்து மடங்கு ஏன் என்று கேட்டது உங்களில் ஒருவர் மட்டும்தான். ஹெலிகாப்டர் மெல்ல உட்காராது, மோதிக்கொண்டுதான் இறங்கும். அதற்குத்தான் எடைக்கு மேல் அந்த மீதி நாலு மடங்கு. படகு ஓட்டும் ரிமோட் உங்கள் கையில் இருக்கட்டும்.

ஐப்பசி மழைக்கு ஏரியில் தண்ணீர் வந்துவிடும். அதற்குள் பைப்புப் படகை முடித்து என் கடைத் தொட்டியில் மிதக்கவிட்டுக் காட்டுங்கள். ஹெலிகாப்டர் வாங்குவதைப் பொங்கலுக்குப் பிறகு பேசிக்கொள்வோம்.